அகராதியை வைத்துப் பாட்டெழுதிய பையன்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

விடுமுறைக்கு வந்திருந்த பேரன் ஒருநாள் கறுப்பு டீ ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். நெஞ்சில் முள்வேலி மாதிரி வளைந்த எழுத்து. "என்னப்பா இது?" என்றேன். "செபுல்துரா தாத்தா. பிரேசில் நாட்டு பேண்ட்." "அப்படின்னா என்ன அர்த்தம்?" "கல்லறை." இதைக் கேட்ட அவன் பாட்டி, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா இதைத்தான் போட்டுக்கணுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டான். தகரக் கொட்டகை வகுப்பில் அடைமழைக்கு நடுவே பாடம் நடத்திய நாட்கள் நினைவுக்கு வந்தன. கழற்றிக் கொடுக்கப் போனேன். அப்போது அவன், "இவங்களுக்கு ஆரம்பத்துல இங்கிலீஷே தெரியாது தாத்தா. டிக்‌ஷனரிய வச்சுக்கிட்டு வார்த்தை வார்த்தையா எழுதினாங்க" என்றான்.

34 ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? ஒரு மாதமாக இவர்களைப் பற்றிப் படித்தேன். பாட்டுகளையும் கேட்டேன். காது இன்னும் முழுதாகப் பழகவில்லை. ஆனால் கதை என்னை விடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் இந்த இசையைப் பற்றி இரண்டு வார்த்தை. த்ராஷ் மெட்டல் என்பது 1980-களின் தொடக்கத்தில் உருவான ஒரு வகை ராக் இசை. கிதார் கம்பிகளை உள்ளங்கையால் லேசாக அழுத்திக்கொண்டு வெகுவேகமாக வெட்டி வெட்டி வாசிப்பார்கள். டிரம் குதிரைப் பாய்ச்சலில் போகும். பாடுவதைவிடக் கத்துவது அதிகம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெட்டாலிகா, ஸ்லேயர் ஆகிய இரண்டு குழுக்களின் முதல் ஆல்பங்கள் 1983-இல் வந்தன. ஜெர்மனியில் சோடம், கிரியேட்டர் என்று சில குழுக்கள் கிளம்பின. எல்லாம் பணக்கார நாடுகள். கிதார் வாங்கக் கடை உண்டு, ஒலிப்பதிவுக் கூடம் உண்டு, வாங்கிக் கேட்க ஆளும் உண்டு. பிரேசிலில் இதில் எதுவும் எளிதாகக் கிடைக்காத காலம் அது.

பிரேசிலின் தென்கிழக்கில் மீனாஸ் ஜெராய்ஸ் என்று ஒரு மாநிலம். பெயருக்கே ‘பொதுச் சுரங்கங்கள்’ என்றுதான் பொருள். 18-ஆம் நூற்றாண்டில் தங்கம், பிறகு இரும்புத் தாது. அதன் தலைநகரம் பெலோ ஹொரிசோன்டே, அதாவது ‘அழகிய தொடுவானம்’. வரைபடம் போட்டுத் திட்டமிட்டுக் கட்டி 1897-இல் திறக்கப்பட்ட ஊர். அங்கே சான்டா தெரேசா என்ற பழைய குடியிருப்புப் பகுதி. மில்டன் நாசிமெண்டோ முதலிய புகழ்பெற்ற மெல்லிசைக் கலைஞர்கள் ஒன்றுகூடிப் பாடிய தெருமுனை அங்கேதான் இருக்கிறது. நம் கதையின் பையன்கள் வளர்ந்ததும் அதே பகுதியில்தான்.

மேக்ஸ் கவலெரா 1969 ஆகஸ்டில் பிறந்தவர். தம்பி இகோர் 1970 செப்டம்பரில் பிறந்தவர். தந்தை இத்தாலிக்காரர், சாவோ பாலோ நகரில் இத்தாலியத் தூதரக அலுவலகத்தில் வேலை. குடும்பம் வசதியாகத்தான் இருந்தது. பையன்களுக்குப் பத்து வயது வாக்கில் தந்தை திடீரென்று மாரடைப்பில் இறந்துபோனார். தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெலோ ஹொரிசோன்டேவுக்குத் திரும்பினார். வசதியும் போயிற்று. இப்படி ஒரே வாரத்தில் வாழ்க்கை தலைகீழான பிள்ளைகளை நானும் வகுப்பில் பார்த்திருக்கிறேன். சிலர் ஒடுங்கிப்போவார்கள், சிலர் முரடாவார்கள். இந்த இரண்டு பேரும் முரடானார்கள். பள்ளிப் படிப்பையும் பாதியிலேயே விட்டார்கள். அவர்களுக்குப் பிடிமானமாக இருந்தது இசை ஒன்றுதான். 1981-இல் குயீன் குழு சாவோ பாலோவுக்கு வந்து பாடிய நிகழ்ச்சியை இருவரும் பார்த்திருந்தார்கள். அந்தப் பிரமிப்பு அவர்களை விட்டுப் போகவேயில்லை.

நாட்டின் நிலைமையையும் சொல்ல வேண்டும். 1964 முதல் பிரேசிலில் ராணுவ ஆட்சி. தணிக்கை, சிறை, சித்திரவதை எல்லாம் நடந்தன. இந்தப் பையன்கள் பிறந்ததிலிருந்து வேறு ஆட்சியைப் பார்த்ததே இல்லை. பணவீக்கமோ ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போயிற்று. வெளிநாட்டு இசைத்தட்டு, கிதார் எல்லாமே யானை விலை.

அப்புறம் எப்படிக் கேட்டார்கள்? கேசட்டில்தான். நம்மூரில் கேசட் பதிவுக் கடைக்குப் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போய், 60 நிமிடத்துக்கு எத்தனை பாட்டு அடங்கும் என்று கணக்குப் போட்ட தலைமுறைக்கு இது புரியும். ஒருவரிடம் ஒரு இசைத்தட்டு இருந்தால் ஊரே அதைப் படியெடுத்துக்கொள்ளும். படிக்குப் படி இரைச்சல் கூடும். உலகம் முழுக்க மெட்டல் ரசிகர்கள் இப்படித் தபாலில் கேசட்டுகளை மாற்றிக்கொண்டார்கள். ஒரு நண்பரின் கேசட்டில்தான் இகோர் இங்கிலாந்தின் வெனம் குழுவை முதன்முதலாகக் கேட்டார். அதற்குப் பிறகு அதுவரை கேட்டதெல்லாம் சப்பென்று ஆகிவிட்டதாம்.

1984-இல் அண்ணனும் தம்பியும் குழு தொடங்கினார்கள். மேக்ஸ் கையில் கிதார். இகோரிடம் முழு டிரம் செட் கூடக் கிடையாது. பெயர் வைத்த கதையைக் கேளுங்கள். மோட்டர்ஹெட் என்ற ஆங்கிலக் குழுவின் ஒரு பாட்டுத் தலைப்பில் ‘கல்லறை’ என்ற சொல் வரும். அந்தப் பாட்டை மேக்ஸ் போர்ச்சுகீசிய மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது ‘செபுல்துரா’ என்ற சொல்லை எழுதினார். அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். ஆக, குழுவின் பெயரே ஒரு மொழிபெயர்ப்புப் பயிற்சியில் பிறந்ததுதான்.

முதல் பாடகர் வாக்னர் லாமோனியர் 1985-இல் குழுவிலிருந்து பிரிந்து, சார்கோஃபாகோ என்ற குழுவில் சேர்ந்தார். அதுவும் பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. அதோடு விடவில்லை. பின்னர் பொருளாதாரம் படித்து, அதே ஊரிலுள்ள மீனாஸ் ஜெராய்ஸ் கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரும் ஆனார். ‘உருப்படமாட்டான்’ என்று யாரைப் பார்த்தும் சொல்லக் கூடாது என்பதற்கு இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் போன பிறகு மேக்ஸே பாடத் தொடங்கினார். பாலோ பாஸ் கிதாருக்கும் ஜைரோ முதன்மைக் கிதாருக்கும் வந்து சேர, நான்கு பேர் ஆனார்கள்.

அந்த 1985-ஆம் ஆண்டு பிரேசிலுக்கே திருப்புமுனை. ஜனவரி 11 முதல் 20 வரை ரியோ டி ஜெனிரோவில் ‘ராக் இன் ரியோ’ என்ற மாபெரும் இசைவிழா முதன்முறையாக நடந்தது. குயீன், அயர்ன் மெய்டன், ஏசி/டிசி எல்லோரும் வந்தார்கள். விழா நடந்துகொண்டிருந்தபோதே, ஜனவரி 15 அன்று, தான்க்ரெடோ நெவெஸ் என்ற தலைவர் நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 21 ஆண்டு ராணுவ ஆட்சிக்குப் பிறகு ராணுவத்தைச் சேராத முதல் அதிபர். அவரும் மீனாஸ் ஜெராய்ஸ்காரர், அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். ஆனால் பதவியேற்புக்கு முந்தின நாள் இரவு நோய்வாய்ப்பட்டு, ஏப்ரல் 21 அன்று, பதவி ஏற்காமலேயே இறந்துபோனார். நாடு அழுதது. தணிக்கையும் பயமும் மெல்ல விலகத் தொடங்கின. நம் பையன்களுக்கு வாய் திறக்க வயது வந்ததும் அதே நேரத்தில்தான்.

அவர்கள் ஊரில் கொகுமெலோ என்று ஓர் இசைத்தட்டுக் கடை. ‘காளான்’ என்று பொருள். 1980-இல் தொடங்கிய கடை. ஊரின் மெட்டல் பையன்கள் சாயங்காலமானால் கூடும் இடம் அது. வாங்குகிறார்களோ இல்லையோ, நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்தக் கடைக்காரர் நம் பையன்களை எங்கும் விரட்டவில்லை. இசைத்தட்டு விற்றுக்கொண்டிருந்தவர் ஒருநாள், நாமே வெளியிட்டால் என்ன என்று இறங்கினார். 1985 டிசம்பரில் அவருடைய முதல் வெளியீடு வந்தது. ஒரு பக்கம் ஓவர்டோஸ் என்ற உள்ளூர்க் குழு, மறுபக்கம் செபுல்துரா. செபுல்துராவின் பாட்டுகள் ஆகஸ்டில் இரண்டே நாளில் பதிவானவை. கணக்குப் போட்டுப் பாருங்கள், அன்றைக்கு இகோருக்கு வயது 14. நம்மூரில் ஒன்பதாம் வகுப்பு.

அட்டையில் சொந்தப் பெயர் போட்டால் போதுமா? நான்கு பேரும் பழைய நாடகக் கம்பெனிகள் போலப் பட்டம் சூட்டிக்கொண்டார்கள். 14 வயது இகோருக்கு ‘மண்டை உடைப்பான்’ என்று பொருள்படும் பட்டம். இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

இனிதான் ஆங்கிலம். உலகத்தில் யாராவது கேட்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் பாட வேண்டும் என்று இவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் பேசவே தெரியாது. மேக்ஸ் போர்ச்சுகீசிய மொழியில் யோசித்து, அகராதியைப் புரட்டி, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் வைத்தார். வாக்கிய அமைப்பு, காலம், முன்னிடைச்சொல் எதுவும் பொருட்டில்லை. பொருளோ இரவல்: வெனம் குழு பாடிய சாத்தானும் நரகமும். அதாவது அடுத்தவர் பேயை அடுத்தவர் மொழியில் பாடினார்கள். 1986-இல் வந்த முதல் முழு ஆல்பம் ‘மார்பிட் விஷன்ஸ்’. அதில் கிதாருக்குச் சரியாகச் சுருதி கூடச் சேர்க்கவில்லை என்று பின்னாளில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

சுருதி இல்லை, இலக்கணம் இல்லை. நான் திருத்தியிருந்தால் 100-க்கு 15 போட்டிருப்பேன். ஆனால் அந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் நிறுத்தவில்லை. கேசட் கேசட்டாகப் படியெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். தவறுகளுக்கு நடுவே வேறு எதையோ அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

1987 தொடக்கத்தில் ஜைரோ விலக, ஆந்திரேயாஸ் கிஸ்ஸர் வந்தார். சாவோ பாலோவை ஒட்டிய தொழில் நகரமான சாவோ பெர்னார்டோவில் பிறந்தவர். 1970-களின் இறுதியில் லூலா தலைமையில் உலோகத் தொழிலாளர் வேலைநிறுத்தங்கள் நடந்து ராணுவ ஆட்சியை உலுக்கிய அதே ஊர். கிஸ்ஸர் முறையாகக் கிதார் பயின்றவர். அவர் வந்ததும் குழுவின் கைக்கு ஒரு ஒழுங்கு வந்தது. அந்த ஆண்டு வந்த ‘ஸ்கிசோஃப்ரீனியா’ ஆல்பத்தில் பாட்டே இல்லாமல், வாத்தியங்கள் மட்டும் ஏழு நிமிடம் போகும் ஒரு பகுதி உண்டு. முந்தைய ஆல்பத்தையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டேன். இடையில் ஒரே ஓர் ஆண்டுதான் என்பதை நம்ப முடியவில்லை.

அந்தப் பாட்டுகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள், மேக்ஸே நியூயார்க் போய் இசை நிறுவனங்களின் கதவைத் தட்டினார். ரோட்ரன்னர் என்ற நிறுவனம், இவர்கள் மேடையில் வாசித்து ஒருமுறைகூடப் பார்க்காமலேயே, ஒலிப்பதிவை மட்டும் கேட்டு 1988-இல் ஒப்பந்தம் செய்தது.

அடுத்த ஆல்பம் ‘பினீத் த ரிமெய்ன்ஸ்’. அதற்கு முதலில் ஒதுக்கிய தொகை 8,000 டாலர். அன்றைய அமெரிக்கக் கணக்கில் அது மிகச் சொற்பம். ஃபுளோரிடாவிலிருந்து ஸ்காட் பர்ன்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் வந்தார். பிரேசிலைப் பார்க்கும் ஆசையில் குறைந்த ஊதியத்துக்கே ஒப்புக்கொண்டாராம். 1988 டிசம்பரில், ரியோவில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில், இரவு எட்டு மணிக்கு உள்ளே போனால் விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியே வருவார்கள். ஊரே கிறிஸ்துமஸ் கொண்டாடிக்கொண்டிருந்தபோது இவர்கள் இப்படி இரவுகளை உழைப்பில் கழித்தார்கள்.

இப்போது ஆங்கிலத்துக்கும் துணை கிடைத்தது. ஒரு பாட்டுக்கு ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஏதீஸ்ட் குழுவின் பாடகர் கெல்லி ஷேஃபர் சொற்களை எழுதிக்கொடுத்தார். பாட்டுகளின் பொருளும் மாறியது. சாத்தான் விடைபெற்றுப் போனான். போர், வெறுப்பு, தனக்குள் நடக்கும் போராட்டம் என்று தாங்கள் அறிந்ததை எழுதினார்கள். ஆல்பம் 1989-இல் வெளிவந்தது. அந்த ஆண்டு பிரேசிலின் பணவீக்கம் 1,000 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. காலையில் பார்த்த விலை மாலையில் இருக்காத நாட்டிலிருந்து கிளம்பி, ஜெர்மனியின் சோடம் குழுவோடு ஐரோப்பா முழுவதும் சுற்றினார்கள். வெளிநாட்டில் அவர்கள் முதன்முதலாக மேடை ஏறியது வியன்னாவில். மொசார்ட்டும் பேத்தோவனும் வாழ்ந்த ஊர்.

1991 ஜனவரியில் இரண்டாவது ‘ராக் இன் ரியோ’ நடந்தது, இம்முறை மரக்கானா கால்பந்து மைதானத்தில். முதல் விழா நடந்தபோது வீட்டில் தட்டிப் பழகிக்கொண்டிருந்த பையன்கள், ஆறே ஆண்டில் அந்த விழாவின் மேடையில் நின்றார்கள். அதே ஆண்டு ‘அரைஸ்’ ஆல்பம். அடுத்த ஆண்டு இந்தோனேசியா வரை போய் வாசித்தார்கள்.

1992 அக்டோபரில் சாவோ பாலோவின் கரண்டிரு சிறையில் கலவரம் மூண்டது. போலீஸ் உள்ளே நுழைந்து சுட்டதில் 111 கைதிகள் இறந்தார்கள். 1993-இல் வந்த ‘கேயாஸ் ஏ.டி.’ ஆல்பத்தில் அந்தக் கொலைகளைப் பற்றியே ஒரு பாட்டு இருக்கிறது. நிலத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்ட கையோவா பழங்குடி மக்களின் பெயரில் இன்னொரு இசைப்பகுதி இருக்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் இரவல் பேயை இரவல் மொழியில் பாடியவர்கள், அதே மொழியில் தங்கள் நாட்டின் காயத்தைப் பாடினார்கள். உலகமும் கேட்டது. 1996 இறுதியில் மனக்கசப்பில் மேக்ஸ் பிரிந்தார், பிறகு இகோரும் விலகினார். அது தனிக் கதை. நான் சொல்ல வந்தது தொடக்கத்தைப் பற்றித்தான்.

ஏன் தொடக்கம்? இனி எழுதுவது எனக்குக் கொஞ்சம் கஷ்டமான பகுதி.

அந்தப் பையன்கள் ‘ஸ்கிசோஃப்ரீனியா’ பதிவு செய்துகொண்டிருந்த அதே 1987. பத்தாம் வகுப்புக்கு ‘மறக்க முடியாத நாள்’ என்று ஆங்கிலக் கட்டுரை கொடுத்திருந்தேன். எல்லோரும் நோட்ஸில் இருந்த சுற்றுலாக் கட்டுரையை எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் வீட்டு மாட்டைச் சந்தையில் விற்ற நாளை எழுதியிருந்தான். பக்கத்தில் லிப்கோ அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எழுதியது பார்த்ததுமே தெரிந்தது. மாடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது என்பதை, ‘டர்னிங் டர்னிங் லுக்கிங் லுக்கிங் கோயிங்’ என்று எழுதியிருந்தான்.

நான் அதை வகுப்பில் சத்தமாகப் படித்தேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நோட்டில் சிவப்பு மையால் சுழித்துத் தள்ளியிருந்தேன். ஓரத்தில் ஒரு நல்ல வார்த்தை கூட எழுதவில்லை.

அதற்குப் பிறகு அவனும் நோட்ஸில் இருப்பதையே எழுதினான். தவறே இருக்காது. நல்ல மதிப்பெண் வாங்கித் தேர்ச்சியும் பெற்றான். அன்றைக்கு அதை என் வெற்றியாகவே நினைத்தேன். ஆனால் அந்த 40 கட்டுரைகளில் இன்றைக்கும் எனக்கு நினைவிருப்பது அந்த மாடு ஒன்றுதான். சொந்தமாக ஒன்றைச் சொல்ல வந்தவனை நான் அன்றைக்கு நிறுத்திவிட்டேன்.

இலக்கணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிஸ்ஸர் வந்து கையை ஒழுங்குபடுத்தாவிட்டால் செபுல்துரா அந்த ஊரைத் தாண்டியிருக்காது. ஆனால் திருத்துகிறவர் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் அந்தக் காளான் கடைக்காரர். சுருதி சேராத பையன்களைக் கடைக்குள் நிற்கவிட்டவர். நான் கிஸ்ஸராக இருக்கத்தான் பயிற்சி பெற்றேன். கடைக்காரராகவும் இருந்திருக்க வேண்டும்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், எல்லோரும் பெற்றோர்கள். பிள்ளை எதையாவது தப்பும் தவறுமாகக் கொண்டுவந்து நீட்டினால், சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன்னால் என்ன சொல்ல வருகிறது என்று ஒருமுறை கேளுங்கள்.

அந்த மாணவன் இந்த முகநூல் பக்கத்தில் இல்லை. அந்த வகுப்பில் இருந்த யாருக்காவது அவன் இருக்குமிடம் தெரிந்தால், பெயரை இங்கே போட வேண்டாம், எனக்குத் தனியாகத் தெரியப்படுத்துங்கள். அந்த வரியை நான் மறக்கவில்லை என்று அவனிடம் சொல்ல வேண்டும்.

பேரன் ஊருக்குப் போகும்போது அந்தப் பாட்டுகளை என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கேட்கக் கூடாது என்பது வீட்டு உத்தரவு.

அன்புடன்,
உங்கள் ஆங்கில ஆசிரியர்